ஓட்டில் 1865 என்று போட்டிருக்கிறது: அறை அறையாக ஒரு பழைய வீடு

12 ஜூன் 2022

முன்பக்கச் சாய்ப்பிலிருந்து ஓர் ஓட்டை இறக்கிப் புரட்டிப் பார்த்தேன். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் அழுத்தமாக அச்சுப் பதிந்திருக்கிறது. ஆக, எங்கள் வீட்டுக்கு வயது நூற்று ஐம்பத்தேழு. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முன்பக்கமும் மச்சும் சீமை ஓடு, மற்றதெல்லாம் கட்டை போட்டுக் குத்துச் செங்கல் அடுக்கிய தட்டட்டி, அதாவது தட்டைக் கூரை.

பழுதுபார்க்கும் திட்டம் எளிது. வருடத்துக்கு ஓர் அறை. தார்சா (முன்னறை), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, மச்சு, கடைசியில் புறவாசல். ஆறு வருடத்தில் முடிந்துவிடும். முதலில் தார்சா, ஏனென்றால் வருகிறவர்கள் கண்ணில் படுவது அதுதான்.

ஒரே ஒரு கேள்வி. தார்சாச் சுவரில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை பூச்சு உப்பிப் பொரிந்து விழுகிறது. எந்த ஈரத்தடுப்புப் பூச்சு நல்லது? பிராண்டு பெயர் சொன்னால் போதும். இடித்துவிட்டுக் கட்டு என்று சொல்ல வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம், அதைச் சொல்ல என் மைத்துனர் இருக்கிறார்.

13 ஜூன் 2022

சிரித்து முடித்துவிட்டீர்களா? 1865 என்பது சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷனான பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம், ஓடு சுட்ட வருடம் அல்ல என்று ஒரே இரவில் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். "சோப்புக் கட்டியில் கம்பெனி தொடங்கிய வருடம் போட்டிருந்தால் அந்த வருடத்துச் சோப்பையா தேய்த்துக் குளிக்கிறீர்கள்" என்று கேட்டவருக்குத் தனியாக ஒரு வணக்கம். வீட்டின் வயதை வாபஸ் வாங்குகிறேன். பூச்சுக் கேள்வி அப்படியே நிற்கிறது.

26 ஜூன் 2022

ஒருவர்கூட பிராண்டு சொல்லவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே: மேல்பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா? ஆணியால் கீறிப் பார் என்றீர்கள். கீறினேன். ஆணிதான் மழுங்கியது. அம்மாவிடம் கேட்டதில், 1994-இல் அக்கா கல்யாணத்துக்கு வீட்டைப் புதுசாக்குகிறேன் என்று அப்பா மார்பளவுக்குச் சிமெண்டு பூசி, அதன் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தது தெரியவந்தது.

ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர்தான் மிச்சம். எழுபது தாண்டியவர். வந்ததும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்சநேரம் நின்றார், நாடி பார்ப்பதுபோல. பிறகு, "தம்பி, வெங்காயத்தைப் பாலிதீன் பையில் கட்டி வைப்பீர்களா?" என்றார். மாட்டேன் என்றேன். "உங்கள் அப்பா வைத்திருக்கிறார்கள்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். எங்கள் சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியது. அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக எப்போதுமே ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏறிய ஈரம் சுண்ணாம்பின் வழியே காற்றில் போய்விடும், அதனால் முழங்காலுக்கு மேல் தெரியாது. சிமெண்டு பூசியதும் வழி அடைபட்டது. ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறியது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, பூச்சை வெளியே தள்ளுகிறது. நான் கேட்ட ஈரத்தடுப்புப் பூச்சு இதற்கு மேல் இன்னொரு பாலிதீன் பை.

17 ஜூலை 2022

சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று. சில இடத்தில் அப்பளம் போலக் கழன்றது. சில இடத்தில் செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தது, உள்ளே இருந்த செங்கல் புட்டுமாவாக உதிர்ந்தது. அவ்வளவையும் மாற்ற வேண்டும். சுவர் காயட்டும் என்று கொத்தனார் போய்விட்டார். எத்தனை நாள் என்று கேட்டால், "அது சொல்லும்" என்கிறார். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுத முடியுமா?

14 ஆகஸ்ட் 2022

எச்சரிக்கை. சுண்ணாம்புக் கல்லைப் பிளாஸ்டிக் வாளியில் நீற்றாதீர்கள்.

இரவல் அறிவு போதும் என்று நானே இறங்கினேன். காளவாசலில் சுட்ட கல், பார்க்க அசட்டு வெள்ளைக் கல்லாக இருக்கும். அரை வாளிக் கல்லில் தண்ணீரை ஊற்றினேன். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. கல் கெட்டுப்போனது போலும் என்று குனிந்து பார்க்கப் போனேன். கிர்ரென்று ஒரு சத்தம், பிறகு சோறு பொங்குவதுபோலப் பொங்கி, ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் கண் தப்பியது. வாளியின் ஒரு பக்கம் இளகி, வாயைக் கோணிக்கொண்டு சாய்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குளிக்கும் வாளி அது, அவ்வளவுதான்.

தொட்டியில் தண்ணீரை முதலில் நிரப்பி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும்.

4 செப்டம்பர் 2022

கடுக்காய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொட்டையோடு நசுக்கி, கருப்பட்டியும் சேர்த்துத் தண்ணீரில் பத்து நாள் ஊறப்போட்டோம். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சாந்தைக் குழைப்பது. கடுக்காயின் துவர்ப்பு சாந்தைப் பிடித்துக் கெட்டியாக்கும், கருப்பட்டி சாந்தை இளக்கமாக வைத்துக் கைக்கு வாகாக்கும் என்பது கொத்தனார் கணக்கு. நான்காம் நாள் நுரைத்தது. ஏழாம் நாள் எதிர்வீட்டு அண்ணாச்சி சுவரோரம் நின்று மெதுவான குரலில், "வீட்டிலேயே இறக்குகிறீர்களோ?" என்று கேட்டார்.

செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்களே, நீங்கள் சேர்க்கவில்லையா என்று ஒருவர். அது கடைசி மெருகுப் பூச்சுக்கு. எங்கள் வீட்டில் முட்டை அடுக்களைக்குள்ளேயே வந்ததில்லை, சுவருக்குப் போய் வாங்க அம்மா விடமாட்டார்.

எறும்பு? வந்தது, நிறைய. சாந்து காய்ந்ததும் போய்விட்டது.

9 அக்டோபர் 2022

தார்சா முடிந்தது. சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. தேய்ப்புக்கட்டையால் தேய்த்துத் தேய்த்துச் சுவர் தயிர்போல நிற்கிறது. எனக்கே பெருமையாக இருக்கிறது. அடுத்து பட்டாசல்.

23 அக்டோபர் 2022

மேலே எழுதியதில் தயிர் என்பதை அடித்துவிடவும். சுவருக்கு அம்மை போட்டிருக்கிறது. மிளகளவு, பட்டாணியளவுக் குழிகள், எண்ணிக்கொண்டே வந்து நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. சரியாக நீறாத கல் சாந்தோடு போய், சுவரில் உட்கார்ந்தபின் நிதானமாக நீறி, வீங்கி, மேல்தோலைத் தெறித்திருக்கிறது. நீற்றியதைச் சல்லடையில் சலித்து, மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் போட்டுவைக்க வேண்டுமாம். நான் மூன்று வாரம்தான் வைத்தேன். கொத்தனார் அப்போதே முகத்தைச் சுளித்தார், நான் அவசரம் என்றேன்.

20 நவம்பர் 2022

புதுப்பூச்சின் மேல் பகுதியில், இந்தியா வரைபடம் போல ஒரு கறை. இது கீழிருந்து ஏறிய ஈரம் இல்லை, மேலிருந்து இறங்கியது. தட்டட்டியின் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேருமிடத்தில் விரிசல். போன முறை ஒழுகியபோது வெள்ளை ரசாயனப் பூச்சுக்காரர் ஒருவர் பத்து வருட உத்தரவாதத்தோடு அடித்துப் போனார். இரண்டு கோடையில் அது உரிந்து, பாலாடை போலச் சுருண்டு கிடக்கிறது. உத்தரவாதச் சீட்டு நல்ல தாளில் இருக்கிறது.

இப்போதுதான் உறைக்கிறது. முதல் நாளே ஒருவர் இங்கே எழுதியிருந்தார், "மேலே ஏறிப் பார்த்தீர்களா?" என்று. நான் பதில்கூடச் சொல்லவில்லை. தார்சா, பட்டாசல் என்று அறை பிரித்துப் பட்டியல் போட்டேன். தட்டட்டி எந்த அறைக்குச் சொந்தம்? என் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சுவரின் ஈரக்கோடு ஒரு சாண் ஏறுகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் நிறுத்திய பிறகு இறங்குகிறது. சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவருகிறேன். பக்கத்து வீட்டுக் கிணற்று மட்டமும் அதே போலத்தான் ஏறி இறங்குகிறது என்றார் அண்ணாச்சி. நம் வீட்டுச் சுவரும் பிசானம் பண்ணுகிறது.

15 ஜனவரி 2023

பட்டாசல் ஒத்திவைப்பு. முதலில் தட்டட்டி.

தெரியாதவர்களுக்கு: இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். உத்திரத்தின் மேல் நெருக்கமாகக் கட்டைகள், அதன் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் குத்தலாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவது, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு, கடைசியில் தட்டோடு. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை.

ஆசாரி ஒவ்வொரு கட்டையாகச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டு வந்தார். டங், டங், டங், பொத். அந்தப் பொத் வந்த இடத்தில் உளியைக் குத்தினால் கைப்பிடி வரை போனது. எங்கள் வீட்டுக் கட்டையில் பாதி தேக்கு, பாதி பனை. பனைக்கு வெளியில்தான் வைரம், உள்ளே சோறு. வெளியிலிருந்து பார்த்தால் ராஜா மாதிரி நிற்கும். கெட்டது எல்லாமே சுவருக்குள் புதைந்த முனைகள்தான், அதுவும் கைப்பிடிச் சுவர் விரிசலுக்கு நேர் கீழே இருந்தவை. நடுப்பகுதி இன்னும் நூறு வருடத்துக்குத் தாங்கும். ஏழு கட்டைக்கு முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டு, அடியில் கல் தாங்கி வைத்தோம்.

12 பிப்ரவரி 2023

வீட்டின் வயது கிடைத்துவிட்டது!

தலைவாசல் நிலையில் ஐந்து அடுக்கு எண்ணெய்ப் பெயிண்ட். சூடு காட்டும் கருவியால் உரிக்கப் போகிறேன் என்று இங்கே எழுதியதும் ஒருவர் தடுத்தார். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும், சூடாக்கினால் புகையாக மூச்சில் போகும் என்றார். நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டாய வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். எனவே முகமூடி போட்டு, ஈரத்துணி வைத்து, தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். தூசியைக் கூட்டாமல் துடைத்து எடுத்தேன். ஒரு நிலைக்கு ஒன்பது நாள்.

பச்சை, கிரீம், மறுபடி பச்சை, நீலம், ஒரு பயங்கரமான காப்பி நிறம். அதற்கடியில் மேல் சட்டத்தில் உளியால் வெட்டிய எழுத்து: கொல்லம் ௲௱௭ தை. ஆசாரி கடைசி எழுத்தைப் பார்த்து, "எ என்று போட்டிருக்கிறது, உங்கள் தாத்தா பேரில் எ உண்டா?" என்றார். எங்கள் வம்சத்திலேயே எ கிடையாது. ராத்திரி படுத்தபிறகுதான் பொறி தட்டியது. அது எ இல்லை, தமிழ் எண் ஏழு. ஆயிரத்து நூற்று ஏழு. நெல்லைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில், கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 1107 தை என்றால் 1932 ஜனவரி, பிப்ரவரி.

அப்படியானால் ஓடு? முதல் உலகப் போரின்போது அரசு பாசல் மிஷன் ஆலைகளை எடுத்துக்கொண்டு, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. 1932-இல் கட்டிய வீட்டில் மிஷன் பெயர் போட்ட ஓடு இருக்கிறது என்றால், தாத்தா எங்கோ பிரித்த கட்டடத்தின் ஓட்டை இரண்டாம் கையாக வாங்கி வேய்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். சிக்கனக்காரர் என்று கேள்விப்பட்டதுதான், இவ்வளவு என்று தெரியாது. நானும் மைத்துனரிடம் சொல்லிவிட்டேன், பழைய சாமான் வாங்குவது பரம்பரைக் குணம் என்று.

19 மார்ச் 2023

தட்டட்டி அடிப்பு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பத்து சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளிக்கத் தெளிக்கத் தட்டு, தட்டு, தட்டு. முதல் நாள் சத்தம் சொத் சொத் என்று. இரண்டாம் நாள் கொஞ்சம் இறுகியது. நான்காம் நாள் கட்டை எகிறத் தொடங்கியது, சத்தமும் மரத்தில் தட்டுவதுபோல மாறியது. எகிறினால் போதும், நிறுத்தலாம். நானும் ஒரு மணி நேரம் தட்டினேன். மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி, "சார் ஒரு பக்கமாகவே தட்டுகிறார், குழி விழுகிறது, எழுப்பிவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் சொன்னதையும் பதிவுசெய்கிறேன்.

தாழையூத்துச் சங்கர்நகரில் 1949-இல் சிமெண்டு ஆலை வந்தது. இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அப்படி இருக்க நாங்கள் சுண்ணாம்புக்கு நான்கு ஊர் அலைந்தோம்.

14 மே 2023

மானவெளி, அதாவது வீட்டுக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம், அதன் பெயர் பற்றி இரண்டு பக்கம் சண்டை போட்டிருக்கிறீர்கள், நான் ஊரில் இல்லை. வானவெளிதான் வாய்வழக்கில் மானவெளி ஆயிற்று என்ற கட்சிக்கு என் ஓட்டு. பட்டாசல் என்பது பட்டகசாலை என்பதிலும் சந்தேகம் இல்லை. தார்சாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மானவெளியைக் கண்ணாடி நார்த் தகட்டால் மூடச் சொன்னவருக்கு: 2015-இல் அதையும் செய்து பார்த்தோம். மழைச்சாரலும் குரங்கும் நின்றன. சூடான காற்று மேலே போக வழியில்லாமல் வீடே இட்லிக் கொப்பரை ஆனது. சித்திரையில் அம்மா தெருத் திண்ணையில் படுத்தார். இப்போது தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலை மட்டும் போட்டிருக்கிறோம். குரங்குகள் அதன் மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கின்றன.

27 ஆகஸ்ட் 2023

பட்டாசல் தரை. இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

2011-இல் நான்தான், யாரும் சொல்லாமல், சிவப்புச் சிமெண்டுத் தரையின் மேல் பளபள டைல்ஸ் ஒட்டினேன். அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து முகம் தெரிய வைத்திருந்த தரை. இப்போது டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் சிவப்பு இருக்கிறது. ஆனால் பிடிப்புக்காக அன்றைக்கு வந்தவர்கள் தரை முழுவதையும் உளியால் கொத்தியிருக்கிறார்கள். இரண்டு விரற்கடைக்கு ஒரு கொத்து, வரிசை தப்பாமல், ஒழுங்கான வேலை.

சிவப்புப் பொடி, வெள்ளைச் சிமெண்டு, கறுப்புச் சிமெண்டு என்று மாற்றி மாற்றிக் கலந்து பதினோரு மாதிரி போட்டுப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது எல்லாமே பொருந்துகிறது. காய்ந்ததும் ஒன்று ரோஜா, ஒன்று கல்லீரல். கொத்துகளை நிரப்பி, தேய்த்து, மெழுகு போட்டு முடித்தோம். தூரத்தில் சிவப்பு. கிட்டே போனால் சிறுத்தைத் தோல். பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாண்டி விளையாடுகிறார்கள்.

21 டிசம்பர் 2023

நலம். மின்சாரம் இன்றுதான் வந்தது. விவரம் பிறகு.

26 டிசம்பர் 2023

17, 18 இரண்டு நாளும் என்ன மழை என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆற்றோரத்துச் சொந்தக்காரர்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர், ஒரு மாட்டையும் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் தெரு மேடு, வாசற்படியோடு நின்றது. இதைப் போய் வீட்டுப் பெருமையாக எழுத மனம் வரவில்லை. கேட்டவர்களுக்காக மட்டும்: தட்டட்டி ஒழுகவில்லை. தார்சாச் சுவர் தோள் உயரம் வரை நனைந்து கறுத்தது, பூச்சு ஓரிடத்திலும் விடவில்லை. சிமெண்டு எடுக்காமல் விட்ட இரண்டாங்கட்டுச் சுவரில்தான் பாளம் பாளமாக விழுந்தது.

11 பிப்ரவரி 2024

தார்சா காய்ந்துவிட்டது, எட்டு வாரம் ஆனது. இரண்டாங்கட்டுச் சுவரைக் கொத்தத் தொடங்கியிருக்கிறோம். இந்தமுறை சுண்ணாம்பு போன ஆடியிலேயே நீற்றித் தண்ணீருக்கடியில் போட்டது, சலித்தது.

இடித்துக் கட்டியிருந்தால் மலிவு என்று விடாமல் சொல்லிவரும் நண்பருக்கு: ஆமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. என் தப்புகளைக் கழித்தால்கூடக் கொஞ்சம்தான் குறைகிறது. தார்சாவை இரண்டு தடவை பூசினேன், தரையைச் சொந்தக் காசில் கெடுத்துச் சொந்தக் காசில் சரிசெய்தேன். மலிவு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, தேடிப் பாருங்கள்.

9 ஜூன் 2024

புதிதாக வந்த ஒருவர், "பழைய வீடு, சுவர் பொரிகிறது, எந்த ஈரத்தடுப்புப் பூச்சு நல்லது, முழு இழையையும் படிக்க நேரமில்லை" என்று கேட்டிருக்கிறார். ஆணியால் கீறிப் பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா. அதற்கு முன்னால் ஏணி வைத்து மேலே ஏறுங்கள்.

அடுக்களையை அம்மா தொட விடவில்லை. புகை ஏறின கட்டையைப் பூச்சி தொடாது, நீ தொட்டால்தான் கெடும் என்கிறார். ஆசாரியும் தட்டிப் பார்த்தார். எல்லாமே டங் டங். பட்டியலிலிருந்து அடுக்களையை எடுத்துவிட்டேன்.

மச்சுப்படி மூலையில் மட்டும் ஓர் ஒழுக்கு இருக்கிறது. கீழ்க்காற்றோடு மழை பெய்தால்தான் வரும், அதுவும் நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு. ஓடு மாற்றியும் நிற்கவில்லை. இப்போதைக்கு அங்கே அந்தக் கோணல் வாளியை வைத்திருக்கிறோம். சாய்ந்த படிக்குச் சாய்ந்த வாளி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.